நாற்பத்தாறாவது நாள்

நன்னிலம் பள்ளிவாசல் தெருவில் தண்ணீரைப் பற்றி யாருக்காவது சந்தேகம் வந்தால் கமருன்னிஸாவிடம்தான் கேட்பார்கள். மற்ற வீடுகளில் நகை டிசைன் கேட்கப் போவார்கள், பிரியாணிக்கு அளவு கேட்கப் போவார்கள். இவளிடம் மட்டும் புத்தாற்றில் எப்போது தண்ணீர் வரும், எந்த மடையைத் திறந்தால் எந்த வயல் முதலில் நிறையும் என்று கேட்கப் போவார்கள். ஒன்பது மா நிலம், அதாவது மூன்று ஏக்கர். இருபத்து மூன்று வருஷமாக அதைக் கட்டி மேய்ப்பவள் அவள். விளைச்சலில் பங்கு என்று வாரத்துக்குப் பயிர் செய்யும் நடராசனே, "தங்கச்சி ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்புறம் மண்வெட்டிய எடுக்கறேன்" என்பார். நாற்பத்து மூன்று வயதில் ஒரு பெண்ணுக்கு இவ்வளவு மரியாதை கிடைத்தால் தலைக்கனம் வராமல் இருக்குமா? வந்தது. நானே பார்த்திருக்கிறேன், கொஞ்சம் நிறையவே வந்தது.

புருஷன் மூஸா சார்ஜாவில் ஒரு மளிகைக் கடையில் இருந்தார். பிழைப்புக்காகக் கடல் கடந்து போவதை அந்தத் தெருவில் சபுர் போவது என்பார்கள். மூஸா கல்யாணமான நாற்பத்தைந்தாம் நாள் சபுர் போனார். அதன்பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை விடுப்பு, அதுவும் சொல்லிவைத்தாற்போல நாற்பத்தைந்து நாள். வந்த முதல் வாரம் விருந்து, கடைசி வாரம் பெட்டி கட்டுவது. நடுவில் மகள் ரிஃப்கா பிறந்தாள், வளர்ந்தாள், ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவம் படிக்கப் போய் விடுதியிலும் சேர்ந்துவிட்டாள். போனில் தினமும் பேசிக்கொண்டார்கள் என்றுதான் பெயர்.

"சாப்பிட்டாச்சா?"

"ஆச்சுங்க. நீங்க?"

"ஆச்சு. மழை உண்டா?"

"தூறுது."

"சரி, வைக்கறேன்."

இதில் பிணக்கு ஒன்றும் கிடையாது. இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் உயிரையே வைத்திருந்தார்கள். பேச விஷயம்தான் இல்லை. இங்கே மடை உடைந்ததை அங்கே சொல்லி என்ன ஆகப்போகிறது என்று இவள் விட்டுவிடுவாள். அங்கே கடையில் நடந்ததைச் சொன்னால் இவள் கவலைப்படுவாள் என்று அவர் விட்டுவிடுவார்.

இப்படி இருந்த வீட்டுக்குத் தீபாவளி விடுமுறையில் வந்த ரிஃப்கா, டிவியில் ஒரு ஜப்பான் அனிமே தொடரைப் போட்டாள். தமிழில் பேசுகிற தொடர். பன்னிரண்டு பகுதி.

"பொம்மைப் படமா? எனக்கென்ன நாலு வயசா?" என்று கமருன்னிஸா முருங்கைக்கீரையை உருவியபடி கேட்டாள்.

"சும்மா பாருங்கம்மா. பிடிக்கலேன்னா நிறுத்திடறேன்."

முதல் பகுதி முடிந்தபோது கிண்ணத்தில் கீரையும் காம்பும் ஒன்றாகக் கிடந்தன. அன்று அந்த வீட்டில் பொரியல் இல்லை.

கதை இதுதான். கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். சுற்றிலும் நெல் வயல், நடுவில் ஓர் ஆறு, ஊர்க்கோடியில் அது கடலில் விழுகிறது. கடைத்தெருவில் குடை விற்கும் பெண் ஒருத்தி. ஏழு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய அண்ணன் படகேறிப் போனான். வெறும் படகுதான் திரும்பக் கிடைத்தது. எதிர்க்கடையில் கடிகாரம் பழுதுபார்க்கிறவன், அண்ணனின் சிநேகிதன். ஊர் மொத்தமும் அவனைத்தான் சந்தேகப்படுகிறது. அவனோ வாயைத் திறக்க மாட்டான். தினமும் காலையில் கடை திறந்ததும் இழுப்பறையிலிருந்து அந்த அண்ணனின் கைக்கடிகாரத்தை எடுத்துச் சாவி கொடுத்துவிட்டு மறுபடியும் உள்ளே வைத்துப் பூட்டுவான். மழை வந்தால் நனைந்துகொண்டே போவான். குடைக்காரி பார்த்துக்கொண்டே நிற்பாள்.

"விக்கிறதே குடை. ஒண்ணு எடுத்து நீட்டினா குறைஞ்சா போயிடும்?" என்று கமருன்னிஸா டிவியிடம் சண்டை போட்டாள். அந்த ஜப்பான் பெயர்கள் அவள் வாயில் நுழையவில்லை. குடைக்காரி, கடிகாரத் தம்பி என்று அவளே பெயர் வைத்துக்கொண்டாள்.

அன்று மூஸா போன் செய்தபோது "சாப்பிட்டாச்சா?" என்றார். கமருன்னிஸா அதற்குப் பதில் சொல்லவில்லை. கதையை ஆரம்பித்தாள். மடை திறந்த மாதிரி இருபது நிமிஷம் சொன்னாள். அந்தப் பக்கம் "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எத்தனையோ வருஷமாக அவர் கேட்காத கேள்வி அது. கடைசியில், "மிச்சத்த சொல்லாத கமரு. நானும் பாக்கறேன். ஒண்ணாப் பாப்போம்" என்றார்.

அவருக்கு வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் பிறகு ஓய்வு. இங்கே சாயங்காலம் நாலு மணி. வாரத்துக்கு ஒரு பகுதி, யாரும் முந்திப் பார்க்கக் கூடாது என்று பேச்சு. ரிஃப்கா முழுவதும் பார்த்து முடித்தவள், ஆனால் ஒரு வார்த்தை விடக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்கள். இவள் டிவியில், அவர் போனில். பக்கத்தில் இன்னொரு போனைப் போட்டு வைத்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பட்டனை அழுத்துவார்கள். அவருடைய போன் முதலில் கொஞ்சம் திணறிவிட்டுத்தான் ஓடும். அதனால் இங்கே நடப்பது அங்கே நாலு விநாடி கழித்து நடக்கும். இவள் சிரித்து முடித்த பிறகு அவர் சிரிப்பார். இவள் "அய்யோ" என்றால் அவர், "இப்ப ஏதோ வரப்போவுது" என்று பயந்துபோய்க் காத்திருப்பார்.

"நீ முந்தி முந்திக் கத்தாத கமரு. எனக்கு எல்லாம் தெரிஞ்சு போயிடுது."

"வாயக் கட்டிக்கிட்டு எப்படிங்க பாக்கறது?"

வெள்ளிக்கிழமை பார்த்ததை வியாழன் வரைக்கும் பேசினார்கள். கடையில் அரிசி மூட்டை பிரிக்கும்போது ஏதாவது தோன்றினால் மூஸா குரல் பதிவு அனுப்புவார். வரப்பில் நின்றுகொண்டு இவள் பதில் அனுப்புவாள். அந்தப் பொம்மைப் பட ஊரில் நாற்றை எப்படி நூல் பிடித்த மாதிரி நடுகிறார்கள் என்று ஒருநாள் முழுக்கப் பேச்சு. அதிலிருந்து நம் வயல், நம் வயலிலிருந்து அவர் சின்ன வயதில் புத்தாற்றில் மூழ்கப்போன கதை. கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் அந்தக் கதையை அவள் கேள்விப்பட்டதே இல்லை.

ஏழாவது பகுதியில் ஒரு பழைய போட்டோ கிடைத்தது. ஊர் சுற்றிப் பார்க்க வந்த யாரோ எடுத்தது. அண்ணன் படகில் நிற்கிறான். பின்னால் ஆறு கடலில் சேரும் இடம், கடலுக்கு மேலே பாதிச் சூரியன். அவனைக் கடைசியாக உயிரோடு பார்த்தது அந்தப் போட்டோதான். கடிகாரத் தம்பியோ, "அன்னைக்கு மத்தியானம் அவன் என் கடைக்கு வந்தான், நான் ரெண்டு மணி ரயிலுக்கு வெளியூர் போயிட்டேன்" என்று போலீசிடம் சொல்லியிருந்தான். அந்த இடத்தில் பகுதி முடிந்துவிட்டது.

"பிடிச்சிட்டேன்" என்றாள் கமருன்னிஸா. "பொய் சொல்றாங்க அவன். சூரியன் கடல்ல பாதி தெரியுதுன்னா அது விடியக்காலை. அதுதான் கடைசின்னா, காலையிலயே காணாமப் போனவன் மத்தியானம் எப்படிக் கடைக்கு வருவான்? இவன்தான் ஏதோ பண்ணியிருக்கான்."

மூஸா, "நல்லா யோசிச்சுத்தான் சொல்றியா?" என்றார்.

"தண்ணி விஷயத்துல என்னைக் கேள்வி கேக்காதீங்க. ஆறு எங்க போவும்? கிழக்கதான் போவும். கடல் எங்க இருக்கும்? கிழக்கதான் இருக்கும். வேணும்னா ஒண்ணு செய்வோம். நான் சொன்னது சரியா இருந்தா நீங்க விசாவப் புதுப்பிக்கக் கூடாது. ஊருக்கு வந்துடணும்."

அதுதான் விஷயம். மார்ச் கடைசியில் அவருடைய விசா முடிகிறது. இன்னும் இரண்டு வருஷமா, போதுமா என்று முதலாளி கேட்டுக்கொண்டிருந்தார். மூஸா இவளிடம் பிடிகொடுக்கவே இல்லை. வந்துவிடுங்கள் என்று எத்தனையோ தடவை கேட்க நினைத்து, கேட்க முடியாமல், கடைசியில் ஒரு பொம்மைப் படத்தின் மேல் சாய்ந்துகொண்டு கேட்டுவிட்டாள்.

"பந்தயம் ஹராம் கமரு."

"பந்தயம் இல்லங்க. பேச்சு."

"தப்பா இருந்தா?"

"நீங்க என்ன சொன்னாலும் கேக்கறேன். ரெண்டு வருஷம்னாலும் சரி, வாயத் திறக்க மாட்டேன்."

"சரி" என்றார் மூஸா.

மறுநாள் வயலில் நடராசனிடம் சாட்சி கேட்டாள். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "இதுல என்ன சந்தேகம் தங்கச்சி. நாகூர் கடற்கரையில பாத்ததில்லையா? கடல்லேந்து சூரியன் வந்தா அது விடியல்தான்" என்று தீர்ப்புச் சொன்னார். பால்காரர் சொன்னார். எதிர்வீட்டு ஷமீரா சொன்னாள். நன்னிலத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் சொன்னார்கள். ரிஃப்கா மட்டும் போனில், "நான் சத்தியம் பண்ணியிருக்கேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு கமருன்னிஸாவுக்குப் பிடிக்கவில்லை.

வம்பு எங்கே வந்தது என்றால், எட்டாவது பகுதியிலிருந்து அந்தக் கடிகாரத் தம்பி இவள் மனசுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டான். குடைக்காரிக்குக் காய்ச்சல் வந்தபோது அவன் மருந்து கொண்டுவரவில்லை, பூக் கொண்டுவரவில்லை. அவள் கடைச் சுவரில் நின்றுபோயிருந்த கடிகாரத்தை ஓடவைத்துவிட்டு, சத்தமில்லாமல் போனான். கண் விழித்தவளுக்கு டிக் டிக் என்று கேட்டது. அவ்வளவுதான் காட்சி. கமருன்னிஸா முக்காட்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பத்தாவது பகுதியில் குடைக்காரி அவனிடம் நேருக்கு நேர், "நீயா?" என்று கேட்டாள். அவன், "ஒருத்தருக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்" என்று மட்டும் சொன்னான். அன்று இவள் போட்ட டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பு.

இப்போது பாருங்கள் இவளுடைய நிலைமையை. அவன் கெட்டவனாக இருந்தால் புருஷன் வீட்டுக்கு வருவார். அவன் நல்லவனாக இருந்தால் குடைக்காரிக்கு நல்ல காலம், இவளுக்கு இன்னும் இரண்டு வருஷம். அஸர் தொழுதுவிட்டுக் கையேந்தினால் எதைக் கேட்பது என்று தெரியவில்லை. கடைசியில், "யா அல்லாஹ், இவரும் வரணும், அந்தப் பையனும் நல்லவனா இருக்கணும்" என்று இரண்டையும் சேர்த்தே கேட்டாள். படைத்தவனுக்கு இதெல்லாம் ஒரு பாரமா என்று தேற்றிக்கொண்டாள்.

பதினோராவது பகுதி முடிந்ததும் அவளே கேட்டாள். "ஏங்க, உண்மையச் சொல்லுங்க. ஊருக்கு வர உங்களுக்கு ஏன் மனசில்ல?"

மூஸா இந்தத் தடவை மழுப்பவில்லை.

"மனசில்லாம இல்ல கமரு. பயமா இருக்கு. நாம ரெண்டு பேரும் நாப்பத்தஞ்சு நாளுக்கு மேல ஒண்ணா இருந்ததே இல்ல. நாப்பத்தஞ்சு நாள் எப்படி இருக்கணும்னு எனக்குத் தெரியும். நாப்பத்தாறாவது நாள் காலையில எழுந்து உங்கிட்ட என்ன பேசறது? நீ உன்பாட்டுக்கு வயலு, வரப்புன்னு இருப்ப. நான் வீட்டுல வந்த விருந்தாளி மாதிரி உக்காந்திருப்பேன். சலிச்சுப் போயிட்டா?"

இப்படி ஒரு பயம் அந்த மனுஷனுக்குள் இருக்கும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. கோபம்தான் முதலில் வந்தது. பிறகு கோபம் போய்விட்டது. ஏனென்றால், சொல்லப்போனால், அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது.

கடைசிப் பகுதி ஜனவரியின் கடைசி வெள்ளிக்கிழமை வந்தது. வயல் முற்றி அறுப்புக்கு நின்றது. ஒண்ணு, ரெண்டு, மூணு.

அண்ணன் சாகவில்லை. வீட்டுக்குத் தெரியாமல் கப்பல் வேலைக்குப் போயிருந்தான். நானே எழுதும்வரை யாரிடமும் சொல்லாதே என்று சிநேகிதனிடம் வாக்கு வாங்கி, திரும்பி வரும்வரை நிற்காமல் பார்த்துக்கொள் என்று கடிகாரத்தையும் கொடுத்துப் போயிருந்தான். கடிதம் எழுதத்தான் அவனுக்கு ஏழு வருஷம் ஆனது. அவனையெல்லாம் நான் என்ன சொல்ல. இன்ஸ்பெக்டர் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "இது சூரியன் கடலில் இறங்கும் நேரம். அப்போது கடிகாரக்காரன் ரயிலில் போய்க்கொண்டிருந்தான். அவன் சொன்னதெல்லாம் உண்மை." வெளியே மழை. கடிகாரத் தம்பி வழக்கம்போல நனைந்துகொண்டு நடந்தான். குடைக்காரி ஓடிவந்தாள். ஒன்றும் பேசவில்லை. அவன் தலைக்கு மேல் குடையை விரித்தாள்.

கமருன்னிஸா விம்மி விம்மி அழுதாள். "குடுத்துட்டா, குடுத்துட்டாங்க" என்றாள். நாலு விநாடி கழித்து அந்தப் பக்கமிருந்தும் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அதற்கும் கொஞ்சம் பிறகுதான் தான் தோற்றுவிட்டது அவளுக்கு உறைத்தது.

"கடல்ல எப்படிங்க சூரியன் இறங்கும்?" என்றாள்.

"இங்க தினமும் இறங்குது கமரு. இருபத்து மூணு வருஷமாப் பாக்கறேன். சார்ஜாவுக்குக் கடல் மேற்கால இருக்கு. அந்தப் பொம்மை ஊருக்கும் அப்படித்தான்."

"அப்ப ஏழாவது பகுதியிலயே உங்களுக்குத் தெரியுமா?"

"போட்டோவப் பாத்ததுமே தெரியும்."

"தெரிஞ்சே சரின்னு சொன்னீங்களா?" வாக்கு வாக்குதான். பக்கத்திலேயே ஒரு கடிகாரத் தம்பி வாக்குக்காக ஏழு வருஷம் நனைந்திருக்கிறான். "சரி. சொல்லுங்க. ரெண்டு வருஷமா?"

"நான் சொல்றத நீ கேக்கணும். பேச்சு மாறக் கூடாது."

"மாற மாட்டேன்."

"நீ இங்க வா."

இவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"விசிட் விசா எடுக்கறேன், முப்பது நாள். இத்தன வருஷமா இந்த ஊர நீ ஒரு தடவகூடப் பாக்கல. கடல்ல சூரியன் இறங்கறத உனக்கு நான் காட்டணும். அப்புறம் ரெண்டு பேருமா ஒரே விமானத்துல ஊருக்குப் போவோம். அதுக்கப்புறம் எனக்கு சபுர் கிடையாது. முதலாளிகிட்ட நேத்தே சொல்லிட்டேன். கணக்கைக் கேளு, இங்க முப்பது, அங்க பதினஞ்சு. நாப்பத்தாறாவது நாள் நம்ம வீட்டுலதான் விடியும். விடிஞ்சா பாத்துக்கலாம். மூணு மாசமா உங்கிட்ட பேச எனக்கு ஒருநாளும் விஷயம் இல்லாமப் போனதில்ல."

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் ஏதாவது அழகாகச் சொல்லியிருப்பார்கள். கமருன்னிஸா, "அறுப்பு முடியட்டுங்க" என்றாள்.

அறுப்பு முடிந்தது. நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போனது. அறுப்புக்கு முன்பே வயலில் தெளித்திருந்த உளுந்தை நடராசன் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். "சூரியன் நெசமாவே இறங்குதான்னு நல்லாப் பாத்துட்டு வா தங்கச்சி. எனக்கு இன்னும் நம்பிக்கை வரல" என்றும் சொல்லி அனுப்பினார்.

அவள் போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள் ரமலான் பிறந்தது. முதல் நோன்பைக் கடற்கரையில் திறக்கலாம் என்று மூஸா அழைத்துப் போனார். ஒரு பாயை விரித்து, தண்ணீர் பாட்டிலும் பேரீச்சம்பழமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நன்னிலத்தில் சூரியன் தென்னந்தோப்புக்குப் பின்னால் எங்கேயோ போய்விடும், பாங்கு சொன்னால்தான் நோன்பு திறக்கும் நேரம் தெரியும். இங்கே எதிரே கிடந்தது கடல். அதன்மேல் சிவந்து, பெருத்து, சூரியன் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. கமருன்னிஸா பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு கண் கொட்டாமல் பார்த்தாள். பாதி முழுகியபோது அச்சு அசல் அந்தப் போட்டோ.

"விடியக்காலைன்னா யாரும் நம்பத்தாங்க செய்வாங்க" என்றாள். தோற்றதை அவள் ஒப்புக்கொண்டது அவ்வளவுதான், அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள்.

"எண்ணட்டுமா?" என்றார் மூஸா.

"எண்ணுங்க."

"ஒண்ணு, ரெண்டு, மூணு."

கடைசிக் கீற்றும் தண்ணீருக்குள் போனது. பாங்கு கேட்டது. இரண்டு பேரும் "பிஸ்மில்லாஹ்" என்று பழத்தை வாயில் போட்டார்கள், ஒரே நேரத்தில். யாரும் முந்தவில்லை, யாரும் நாலு விநாடி பிந்தவில்லை. அதை உணர்ந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவரும் அதே நொடியில் சிரித்தார்.

நோன்புப் பெருநாளைக்கு ஊரில் இருந்தார்கள். ஏப்ரல் மாதம் ஒருநாள் ரிஃப்கா விடுதியிலிருந்து போன் செய்தாள். "அம்மா, அத்தாவோட அந்த நாப்பத்தாறாவது நாள் எப்படிப் போச்சு?" என்று கேட்டாள்.

கமருன்னிஸா விரல்விட்டு எண்ணினாள். மறுபடி எண்ணினாள். "ஏங்க" என்று வாசல் பக்கம் குரல் கொடுத்தாள். "இன்னைக்கு அம்பத்தி ரெண்டாவது நாளாம்."

வாசல் களத்தில் உளுந்தைக் கிளறிக்கொண்டிருந்த மூஸா நிமிர்ந்து பார்த்தார். "அப்படியா? நாப்பத்தாறாவது நாள் என்ன பண்ணோம்?"

"இந்த உளுந்த எங்க காயப்போடறதுன்னு காலையிலேந்து சாயங்காலம் வரைக்கும் சண்டை போட்டோம்."

"அது அன்னைக்கா?" என்றார் அவர். பிறகு தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இப்பவும் சொல்றேன் கமரு, அந்தப் பக்கம் போட்டிருந்தா இந்நேரம் காஞ்சிருக்கும்" என்று மறுபடியும் கிளற ஆரம்பித்தார்.